கடல்நீர் மீன் தொட்டியில் எந்த மீனுடன் எது சேரும்? விலையைவிட வரிசையே முக்கியம்

மும்பை: ஹார்பர் ரயில் தடத்தில் திலக் நகருக்கு அடுத்த நிலையம் குர்லா. அங்கு மேற்குப் பக்கம் இறங்கினால் வண்ண மீன்களை விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. தங்கமீன், கப்பி, ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களே பெரும்பாலும் கண்ணில் படும். அவற்றுக்கு நடுவே, நீல விளக்கு எரியும் சில தொட்டிகளில் கடல் மீன்களும் நீந்துகின்றன. வீட்டில் பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்பும் திலக் நகர், செம்பூர்வாசிகளுக்கு இதுவே மிக அருகிலுள்ள சந்தை.

நன்னீர்த் தொட்டியில் பொருந்தாத மீனை விட்டுவிட்டால் வலையை இறக்கி எடுத்துவிடலாம். பவளத் தொட்டியில் அது எளிதன்று. அதன் நடுவே துளைகளும் குகைகளும் கொண்ட கற்குவியல் இருக்கும். கற்களின் மேல் பவளங்கள் ஒட்டி வளர்ந்திருக்கும். வலையைக் கண்டதும் மீன் ஏதாவது ஒரு துளைக்குள் புகுந்துவிடும். ஒரு மீனைப் பிடிப்பதற்காகப் பல மாதங்கள் வளர்த்த கற்குவியலை முழுவதுமாகக் கலைத்தவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம். எனவே இங்கு மீனைத் தேர்ந்தெடுக்கும் முடிவு கடையிலேயே சரியாக அமைய வேண்டும். எந்த மீன் அழகானது என்ற கேள்விக்கு முன், ஏற்கெனவே உள்ளவற்றோடு எது வாழும், எதை முதலில் விடுவது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

மலிவான நீல மீனின் ஆட்சி

கடல் மீன் விற்கும் எந்தக் கடையிலும் விலை குறைந்த வரிசையில் இருப்பவை டேம்சல் வகை மீன்கள். பளிச்சென்ற நீல நிறத்தில் ஒன்று. கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடன் ஒன்று. கருநிற உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகளுடன் ‘டோமினோ’ என்ற பெயரில் இன்னொன்று. மூன்றும் கட்டைவிரல் நகத்தின் அளவில் விற்கப்படுகின்றன. எளிதில் சாவதில்லை, எதைப் போட்டாலும் தின்னும். புதியவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான மீன் இல்லை என்றே தோன்றும்.

பிரச்சினை அவற்றின் இயல்பில் உள்ளது. டேம்சல் மீன்கள் இயற்கையிலேயே ஒரு சிறு இடத்தைத் தனதாக்கிக்கொண்டு காவல் காப்பவை. பரந்த பவளத்திட்டில் ஒரு மீன் விரட்டினால் மற்றொன்று சில மீட்டர் தள்ளிப் போய்விடலாம். நான்கு அடித் தொட்டியில் அப்படித் தள்ளிப்போக இடமில்லை. தொட்டி முழுவதுமே அந்த மீனின் எல்லையாகிவிடுகிறது. பிறகு விடப்படும் ஒவ்வொரு மீனும் அதற்கு அத்துமீறி நுழைந்த அந்நியன். துடுப்புகள் கிழியும், புதிய மீன் மூலையில் ஒடுங்கி உணவை விடும், ஒரு வாரத்தில் இறந்து மிதக்கும். டோமினோ வகை ஏறத்தாழ 14 செ.மீ. வரை வளரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கும்போது இருந்த நகத்தளவு உருவம் சில ஆண்டுகளில் உள்ளங்கையை நிரப்பிவிடும்.

இத்தகைய மீன் பல தொட்டிகளில் முதலாவதாக நுழைவதற்கு ஒரு பழைய வழக்கம் காரணம். புதிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். அந்தக் காலத்தில் அமோனியாவின் நச்சைத் தாங்கக்கூடிய உறுதியான மீன் ஒன்றை விட்டுத் தொட்டியைப் பழக்குவது முன்பு வழக்கமாக இருந்தது. உறுதியானதும் மலிவானதும் டேம்சல்தான். பழக்கும் வேலை முடிந்த பிறகும் மீன் உள்ளேயே இருக்கும். ஆக, மிகவும் சண்டைக்கார மீன் மிகவும் முன்னதாகவே குடியேறி, தொட்டியின் உரிமையாளராகிவிடுகிறது. இப்போது இதற்கு உயிருள்ள மீன் தேவையில்லை. புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாக் கரைசலும், அளந்து விடும் சிறிதளவு அமோனியாவும் அதே வேலையைச் செய்துவிடும். மீனை நஞ்சில் நீந்தவிடும் வழக்கம் தேவையற்றது, கொடியதும்கூட.

டேம்சல் குடும்பம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உடல் நீலமும் வயிறு மஞ்சளுமான அசூர் டேம்சல் ஒப்பீட்டளவில் சாந்தமானது. பச்சை குரோமிஸ் கூட்டமாக நீந்தும். பிற மீன்களைத் தொந்தரவு செய்வது குறைவு. ஆனால் ஆறு குரோமிஸ் வாங்கினால், அவை தங்களுக்குள் பலவீனமானதை விரட்டி விரட்டி ஓராண்டுக்குள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடுவது பலரின் அனுபவம்.

‘ரீஃப் சேஃப்’ என்றால் யாருக்குப் பாதுகாப்பு?

கடைக்காரர்கள் அடிக்கடி பயன்படுத்தும் சொல் ‘ரீஃப் சேஃப்’. இதைத் தமிழில் சொல்ல முயன்றால் அதன் குறை உடனே தெரிந்துவிடும். ‘பவளத்துக்குப் பாதகமில்லாதது’ என்பதே அதன் முழுப் பொருள். பக்கத்தில் நீந்தும் மீனுக்குப் பாதகமில்லாதது என்ற பொருள் அதில் இல்லை. முன்னர் சொன்ன டேம்சல்கள் பவளத்தைத் தொடுவதே இல்லை. அவ்வகையில் அவை முழுமையாக ‘ரீஃப் சேஃப்’. சிங்க மீனும் பவளத்தை உண்பதில்லை. ஆனால் தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும், இறாலையும் ஒரே நொடியில் விழுங்கிவிடும். அதன் முதுகு முட்களில் நஞ்சு உண்டு என்பதால் தொட்டிக்குள் கையை விடுவோருக்கும் அது ஆபத்தே.

எனவே மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இந்த மீன் பவளத்தைக் கொத்துமா? இறால், நத்தை, நண்டு ஆகியவற்றைத் தின்னுமா? மற்ற மீன்களோடு எப்படி நடந்துகொள்ளும்? வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். அவற்றில் சில வகைகள் பவள உயிரிகளைத் தவிர வேறெதையும் ஏறத்தாழ உண்பதே இல்லை. கிளாத்தி மீன்களும் பேத்தை மீன்களும் இரண்டாவது கேள்வியில் தோற்கின்றன. ஓடுகளை உடைப்பதற்காகவே அமைந்தவை அவற்றின் பற்கள். பெட்டி மீனிடம் இன்னொரு சிக்கல் உள்ளது. அச்சுறுத்தப்பட்டாலோ இறக்கும் தறுவாயிலோ அதன் தோலிலிருந்து நச்சு கசியும். மூடிய தொட்டியில் அது மற்ற மீன்களையும் கொல்லக்கூடும்.

குள்ள ஏஞ்சல் மீன்களைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் ஆண்டுக்கணக்கில் பவளத்தைத் தொடாமல் இருக்கும். மற்றொன்று முதல் வாரத்திலேயே கொத்தத் தொடங்கும். பவளத்துக்குச் செலவு செய்தவர்கள் இந்தச் சூதாட்டத்தில் இறங்காமல் இருப்பதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

குட்டியாக வாங்கப்படும் பெரிய மீன்கள்

2003-இல் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்துக்குப் பிறகு, கோமாளி மீனை ‘நீமோ’ என்றும், நீல சர்ஜன் மீனை ‘டோரி’ என்றுமே பல கடைகளில் அழைக்கின்றனர். படத்தைப் பார்த்த குழந்தைகள் இரண்டையும் சேர்த்தே கேட்பதும் இயல்பு. ஆனால் இவை இரண்டும் ஒரே அளவிலான வீட்டில் வாழும் மீன்கள் அல்ல. கோமாளி மீன் தன் வாழ்நாள் முழுவதையும் ஓரிரு சதுர மீட்டருக்குள் கழித்துவிடும். நீல சர்ஜனோ 30 செ.மீ. வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீண்ட தூரம் நீந்துவது. ஐந்து செ.மீ. குட்டியாகக் கடையில் இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது.

இந்தியப் பெருங்கடலுக்கே உரிய வெளிர்நீல சர்ஜன் மீனும் இவ்வாறே. ‘பவுடர் புளூ’ என்று விற்கப்படும் அதன் அழகில் மயங்காதவர்கள் குறைவு. ஆனால் அது தன் இனத்தையும், தன் உருவத்தை ஒத்த பிற சர்ஜன்களையும் சகிக்காது. வால் அடியில் உள்ள கத்தி போன்ற கூரிய முள்ளால் தாக்கும். இட நெருக்கடியும் மன அழுத்தமும் ஏற்பட்டால், உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும் ஒட்டுண்ணி நோய் முதலில் இதைத்தான் பிடிக்கும். ஆறு அடிக்குக் குறைந்த தொட்டிக்கு இதனை வாங்குவதில் அர்த்தமில்லை.

எம்பரர் ஏஞ்சல் மீன் குட்டியாக இருக்கும்போது கருநீல உடலில் வெள்ளை வளையங்களுடன் இருக்கும். வளர்ந்த பிறகு மஞ்சள் கோடுகள் தோன்றி வேறொரு மீனாகவே மாறிவிடும். நீளம் 40 செ.மீ. வரை போகும். நிறத்துக்காக வாங்கியவருக்கு அந்த நிறமும் நிலைக்காது, தொட்டியும் போதாது. இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரரைக் குறை கூறலாம். கேட்காமல் வாங்குபவருக்கும் அதில் பங்கு உண்டு.

அளவு குறித்த கணக்கு மும்பை வீடுகளில் தரையின் வலிமையோடும் தொடர்புடையது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 250 லிட்டர் நீர் பிடிக்கும். நீரின் எடை மட்டுமே கால் டன். கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். திலக் நகரில் மறுசீரமைப்புக்காகக் காத்திருக்கும் பழைய மகாடா கட்டடங்களில், இத்தனை எடையை மேல்தளத்தில் வைப்பதற்கு முன் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆறு அடித் தொட்டி பெரும்பாலான வீடுகளுக்குச் சாத்தியமில்லை. அப்படியென்றால் சர்ஜன்களும் பெரிய ஏஞ்சல்களும் பட்டியலிலிருந்து தாமாகவே நீங்கிவிடுகின்றன.

கோமாளி மீன்: இரண்டு போதும்

சிறிய தொட்டிக்கு மிகப் பொருத்தமான கடல் மீன் எது என்று கேட்டால், ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் என்பதே பெரும்பாலான அனுபவசாலிகளின் பதில். எட்டு, ஒன்பது செ.மீ.க்கு மேல் பெரிதாக வளர்வதில்லை. குருணை உணவை விரும்பி உண்ணும். நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததற்கும் சான்று உண்டு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்காக வாங்கிய மீன், அந்தப் பிள்ளையின் திருமணத்தின்போதும் உயிருடன் இருக்கலாம்.

இதன் குடும்ப அமைப்பு விசித்திரமானது. எல்லாக் கோமாளி மீன்களும் முதலில் பாலினம் முதிராத நிலையில் இருக்கும். குழுவில் மிகப் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும், மற்றவை வளராமல் அடங்கியிருக்கும். பெண் இறந்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும். திரைப்படத்தில் தாயை இழந்த நீமோவின் தந்தை, உயிரியலின்படி தாயாக மாறியிருக்க வேண்டும். குழந்தைகள் படத்தில் அதை எதிர்பார்க்க முடியாதுதான்.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழிமுறை தெளிவானது. ஒன்று சற்றுப் பெரியதும் மற்றொன்று சற்றுச் சிறியதுமான இரண்டு இளம் மீன்களை ஒரே நாளில் விட வேண்டும். அவை தாமாகவே இணையாகிவிடும். சிறியது பெரியதன் முன் உடலை நடுக்கிக் காட்டினால், அது அடிபணிந்துவிட்டது என்று பொருள்; அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மூன்றாவது மீனை வாங்கினால் அது பெரும்பாலும் கொல்லப்படும். வேறு வகைக் கோமாளிகளைக் கலப்பதும் கூடாது. நம் கடல்களில் காணப்படும் செபே, கிளார்க்கி வகைகள் ஒசெல்லாரிஸைவிடப் பெரியவை, முரட்டுத்தனம் மிக்கவை. மெரூன் வகை அவற்றைவிடவும் மோசம்.

கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி அவசியம் என்பது பரவலான நம்பிக்கை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்ப அது தேவை. தொட்டியில் எதிரியே இல்லை. சாமந்தி தன் விருப்பப்படி இடம் மாறக்கூடியது. பம்பின் வாயில் சிக்கி நைந்துவிட்டால் ஒரே இரவில் தொட்டி நீரை நாசமாக்கிவிடும். முதல் ஆண்டில் அதைத் தவிர்க்கலாம்.

அமைதியான துணைகள்

கோமாளி இணைக்குத் துணையாக வைக்கத் தகுந்தவற்றில் மிகச் சுவையானது ‘வாட்ச்மேன்’ எனப்படும் மஞ்சள் கோபி. இது தனியாக வாழ்வதைவிடச் சொடுக்கு இறாலுடன் கூட்டாக வாழ்வதை விரும்பும். இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. ஆனால் மணலைத் தோண்டி வளை அமைப்பதில் வல்லது. கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண்பார்வை கூர்மை. இறால் வளையிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, அதன் மீசை எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை அசைக்கும். மறுநொடி இரண்டும் உள்ளே போய்விடும். வீட்டுக் கூடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கத்தக்க காட்சி இது. விலையுயர்ந்த சர்ஜனிடம் இது கிடைக்காது.

தரையை கோபி எடுத்துக்கொள்ள, கற்களின் மேற்பரப்பை பிளென்னி எடுத்துக்கொள்ளும். பாசியைச் சுரண்டித் தின்னும் ‘லான்மோவர்’ பிளென்னிக்குத் தொட்டியில் பாசி படர்ந்த பிறகே இடம் கொடுக்க வேண்டும். முன்னதாக விட்டால் பட்டினி கிடக்கும். நடு நீருக்கு ஃபயர்ஃபிஷ் எனப்படும் தீக்கொழுந்து போன்ற மீன் பொருந்தும். பயந்த சுபாவம், எந்த மீனையும் சீண்டாது. ஆனால் மிரண்டால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் என்பதால் வலை மூடி கட்டாயம். கண்ணாடி மூடி மும்பை வெப்பத்தில் நீரை மேலும் சூடாக்கும்.

இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பாங்காய் கார்டினல் மீனும் சாந்தமானது. அதன் ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக 2007-இல் அறிவித்தது. வளர்ப்புக் கூடத்தில் பிறந்தது என்று உறுதியானால் மட்டுமே வாங்க வேண்டிய மீன் அது. இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் சண்டை நிச்சயம்.

இவ்வாறு ஒவ்வொரு மீனுக்கும் தொட்டியின் வெவ்வேறு அடுக்கைக் கொடுப்பதே ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுப்பதன் அடிப்படை. ஒரே நிறம், ஒரே உருவம், ஒரே உணவு, ஒரே குகை ஆகியவற்றுக்குப் போட்டியிடும் மீன்களே பெரிதும் மோதிக்கொள்கின்றன. இரண்டு அடித் தொட்டியாக இருந்தால் கோமாளி இணையும் ஒரு கோபியும் போதும். அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கத் தூண்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

சண்டையின்றியும் சாகும் மீன்கள்

எந்த மீனோடும் சண்டையிடாமலேயே தொட்டியில் மடியும் மீன்களும் உண்டு. நீலமும் செம்மஞ்சளும் கலந்த மாண்டரின் மீன் கற்களில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகளையே நாள் முழுவதும் பொறுக்கித் தின்னும். புதிய தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். மிதக்கும் குருணை உணவைப் பெரும்பாலான மாண்டரின்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளை உண்டு வாழும் துப்புரவு ரேஸ் மீனின் கதியும் இதுவே. ஐந்து மீன்கள் உள்ள தொட்டியில் அதற்கு எவ்வளவு ஒட்டுண்ணி கிடைத்துவிடும்? அந்தப் பணிக்குத் துப்புரவு இறால் போதும்; அது போட்ட உணவையும் தின்று வாழும்.

எதை முதலில், எதை இறுதியில்?

மீன்களை விடும் வரிசைக்கு ஒரு பொது விதி உண்டு: பயந்தவை முதலில், துணிந்தவை இறுதியில். ஃபயர்ஃபிஷும் கோபியும் முதலில் குடியேறி, தமக்கான துளைகளைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து கார்டினல், பாசி வந்த பிறகு பிளென்னி. கோமாளி இணை அதற்குப் பின். டேம்சல் வேண்டும் என்ற ஆசை தீராவிட்டால் அது கடைசி. ஒவ்வொரு முறையும் இடைவெளி விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மீன் கூடும்போது கழிவும் கூடும். பாக்டீரியாக்கள் அதற்கேற்பப் பெருக அவகாசம் வேண்டும்.

புதிய மீனை நேரே தொட்டியில் விடுவதைவிட, துளையிட்ட ஒளிபுகும் சிறு பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள் சில நாட்கள் மிதக்கவிடுவது நல்ல பலன் தரும். பழைய மீன்கள் பெட்டியின் மேல் மோதி மோதிச் சலித்துப்போகும். விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விடுவது, விடும்முன் பழையவற்றுக்கு வயிறு நிறைய உணவிடுவது, சில கற்களை இடம்மாற்றிப் பழைய எல்லைகளைக் குழப்புவது ஆகியவையும் உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன் வரவேண்டியது தனிமைத் தொட்டி. கடையிலிருந்து வந்த மீனை நான்கு வாரங்களாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து நல்ல சிகிச்சை. ஆனால் அது இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால் பவளத் தொட்டியில் பயன்படுத்த முடியாது. நோய் உள்ளே நுழைந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியேற்றி ஏறத்தாழ 10 வாரங்கள் தொட்டியை மீனின்றி வைத்திருப்பதே வழி. சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றும் ஒரு வடிகட்டியும் அந்தத் துன்பத்தைத் தவிர்த்துவிடும்.

நீர் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பூரை ஒட்டிய மாஹூல் கழிமுகத்திலிருந்தோ, சௌபாத்தியிலிருந்தோ நீர் எடுத்து வரும் யோசனை வேண்டாம். சேறும் கழிவுநீரும் கலந்த நீர் அது. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. மே மாதத்தில் அறை வெப்பமே 30 டிகிரியைத் தாண்டும் நகரம் என்பதால், குளிர்விப்பான் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் தடுப்பவை

பொருத்தம் பார்த்து முடித்த பிறகும், சில உயிரினங்களை இந்தியாவில் வீட்டில் வைத்திருக்க இயலாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பல கடல் உயிரினங்கள் சேர்க்கப்பட்டன. கடல் குதிரைகளும் அவற்றின் உறவான குழல் மீன்களும், பாறை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை அதில் அடங்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தொட்டியைத் திட்டமிடுவோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர். அங்கு சாதாரணமாக விற்கப்படும் கிளைப் பவளம் இங்கு புலியைப் போன்ற அட்டவணையில் உள்ளது. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததாகக் கூறி விற்கப்படும் ‘உயிர்ப்பாறை’யும் பவளமே, அதற்குப் பதிலாகப் பீங்கானாலான செயற்கைக் கற்கள் கிடைக்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இடம்பெறாத தோல் பவளம், காளான் பவளம் போன்றவற்றை வாங்கும்போதும் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மீன்களைப் பொறுத்தவரை, 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிகள் கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல் மீன் உள்ளிட்ட 158 இனங்களைக் காட்சிக்கு வைப்பதையும் விற்பதையும் தடை செய்தன. வணிகர்களின் எதிர்ப்பையடுத்து அவை பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

தடை நீங்கியதால் கேள்வி நீங்கிவிடவில்லை. தொட்டிக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் முறை பல பத்தாண்டுகளாகப் பவளத்திட்டுகளை அழித்துவருகிறது. அப்படிப் பிடிக்கப்பட்ட மீன் கடையில் நன்றாக நீந்தும். வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறக்கும்.

இதற்கு மாற்று நம் கரையிலேயே உருவாகியுள்ளது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய மையங்களில் கோமாளி மீன்களையும் டேம்சல் மீன்களையும் கூடத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. மேலே குறிப்பிட்ட சாந்தமான அசூர் டேம்சலும், ஒரு வகை கோபியும் அண்மையில் விழிஞ்ஞத்தில் வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்யப்பட்டன. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் பல வகைக் கோமாளி மீன்களை இவ்வாறு வளர்த்துள்ளது. கூடத்தில் பிறந்த மீன் குருணை உணவுக்குப் பழகியது. கண்ணாடிச் சுவருக்கும் மனித நடமாட்டத்துக்கும் மிரளாது. ஒட்டுண்ணிகளையும் பெரும்பாலும் சுமந்து வருவதில்லை. கடலில் பிடித்ததைவிட விலை சற்று அதிகமாக இருந்தாலும் அதையே வாங்கலாம்.

கடையில் நிற்கும்போது செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உள்ளது: அந்த மீனுக்கு உணவு போடச் சொல்லுங்கள். உண்ணாத மீனை வாங்க வேண்டாம். அது எப்போது கடைக்கு வந்தது என்றும் கேளுங்கள். முந்தைய நாள் இறங்கிய மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துச் செல்லலாம்.

சண்டை மூண்டுவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மீன் மற்றொன்றை விடாமல் விரட்டினால், முதலில் துன்பப்படும் மீனைத் துளையிட்ட பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் அடங்காத சண்டைக்காரனைப் பிடிக்க, குறுகிய வாய் கொண்ட நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டி உள்நோக்கித் திருப்பிப் பொருத்தி, உள்ளே உணவு வைத்துப் பொறியாகப் பயன்படுத்தலாம். பொறியைச் சில நாட்கள் அசைக்காமல் விட்டுவைத்தால் மீன் அதற்குப் பழகிவிடும். பொறுமை இருந்தால் கற்குவியலைக் கலைக்க வேண்டிய தேவை வராது.

பிடித்த மீனைக் கடைக்காரரிடமோ, தனியாக ஒரு தொட்டி வைத்திருக்கும் மற்றொரு ஆர்வலரிடமோ கொடுக்கலாம். கடலில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு உரிய சிங்க மீன் 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் மூலம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள பவளத்திட்டுகளின் சிறு மீன்களை அது விழுங்கிவருகிறது.